கொடி காய்க்கும் வருஷம்

வெள்ளிக்கிழமைகளில் லூபேயின் அடுக்களையில் புகை வராது என்பது டோங்காத் தீவின் அந்த ஊர் முழுக்கத் தெரியும். தம்பிக்கு ஒரு பிள்ளை வேண்டுமென்று கர்த்தரிடம் கேட்டு அவள் உபவாசம் இருக்கத் தொடங்கி ஒரு மழைக்காலமே போய்விட்டது. முதலில் அவள் தனியாகத்தான் இருந்தாள். பிறகு சபைப் பெண்கள் இரண்டு பேர் சேர்ந்தார்கள். போதகரின் மனைவி அனாசெய்னி சேர்ந்ததும் மற்றவர்களுக்கு வீட்டில் உட்கார்ந்து சாப்பிடக் கூச்சமாகிவிட்டது. இப்போது ஆலயத்துப் பின்கூடத்தில் மரப்பட்டைத் துணி ஒட்ட வருகிற பெண்கள் அத்தனை பேரும் வெள்ளிக்கிழமைகளில் வெறும் வயிற்றோடுதான் வருகிறார்கள்.

லெசியெலியும் பட்டினிதான் கிடந்தாள். ஆனால் ஜெபத்தின்போது எல்லாரும் கண்ணை மூட, அவள் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிள்ளை கேட்பது அவளுக்காக. அவள்தான் லூபேயின் தம்பி பெனிசிமானியின் மனைவி. பிள்ளை ஏன் உண்டாகவில்லை என்று அந்தக் கூடத்தில் அவளுக்கு மட்டுமே தெரியும். துறைமுகத்து ஆஸ்பத்திரியில் தவறாமல் கருத்தடை ஊசி போட்டுக்கொண்டு வருகிறாள். மீன் விற்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவாள். மீனும் விற்றுவிட்டுத்தான் வருவாள், பொய்யாகிவிடக் கூடாதென்று.

பிள்ளை வேண்டாமென்று அவளும் பெனியும் நினைத்ததே இல்லை. எப்போது என்பதில்தான் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். பெனி வருஷத்தில் பாதிக்கு மேல் ஆஸ்திரேலியாவில் இருந்தான். அங்கே ஆரஞ்சுத் தோட்டத்தில் பழம் பறிக்கிற வேலை. கல்யாணமான கையோடு வீட்டுக்குப் பின்னால் வனிலாக் கொடி நட்டுவிட்டுத்தான் போனான். வனிலா உடனே காய்க்காது, மூன்றாவது வருஷம்தான் பூக்கும். பூத்துக் காய்த்துவிட்டால் பிழைப்புக்குக் கடல் தாண்ட வேண்டியதில்லை. அந்த வருஷம் பிள்ளை பெற்றுக்கொள்வது என்று இரண்டு பேரும் கடற்கரையில் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள்.

அதுவரை காத்திருக்கலாமா என்று லெசியெலிதான் முதலில் கேட்டாள். அவளுடைய அப்பா நியூசிலாந்தில் வேலை பார்த்தவர். மாதாமாதம் பணம் வந்தது, பெட்டி பெட்டியாகத் துணி வந்தது, ஆள் வரவில்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்து இறங்கினார். அம்மா "அப்பா வந்திருக்கார், போய் முத்தம் குடு" என்றபோது லெசியெலி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். அவர் போகும்வரை அவரை அப்பா என்று கூப்பிடவே இல்லை. அவர் அழுததை மட்டும் பார்த்தாள். தன் பிள்ளைக்கும் தன் புருஷனுக்கும் அப்படி ஒரு நாள் வரக்கூடாது என்பது அவளுடைய ஒரே வேண்டுதல்.

இதை நாத்தனாரிடம் சொல்வதில் என்ன கஷ்டம் என்று வேறு ஊர்க்காரர்கள் கேட்கலாம். டோங்காவில் அக்காளும் தம்பியும் வயதுக்கு வந்தபின் ஒரே கூரையின் கீழ் படுக்கமாட்டார்கள். அக்காள் காதுபட படுக்கை, பிரசவம் என்று எந்தப் பேச்சும் தம்பி எடுக்கமாட்டான். யாராவது எடுத்தாலும் எழுந்து போய்விடுவான். ஆகவே பெனி சொல்ல முடியாது. லெசியெலி சொல்லலாம் என்றால், புருஷனின் அக்காள் இந்த ஊரில் எல்லாருக்கும் மேலே. முதல் பிள்ளைக்குப் பேர் வைப்பவள் அவள்தான். தம்பி வீட்டில் பன்றியோ படகோ அவள் எதைக் கேட்டாலும் தம்பி இல்லையென்று சொல்லக்கூடாது. அப்படிப்பட்டவளிடம் போய், நீங்கள் கேட்கும் பிள்ளையை நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

லூபே கெட்டவளாக இருந்திருந்தால்கூட சுலபமாக இருந்திருக்கும். அவள் அதிகாரம் பண்ணத் தெரியாதவள். அம்மா போனபிறகு தம்பியை வளர்த்தவள். புருஷனைக் கடலில் பறிகொடுத்தவள், பிள்ளை இல்லை. விருந்துகளில் மீனின் தலைப்பக்கத்தை மரியாதைக்காக அவள் இலையில்தான் வைப்பார்கள். அவள் அதை யாரும் பார்க்காத நேரம் லெசியெலியின் இலைக்குத் தள்ளிவிடுவாள். பெனி ஊரில் இல்லாத மாதங்களில் வனிலாத் தோட்டத்துக் களையை அவள்தான் பிடுங்கினாள். யாரும் கேட்கவில்லை. தம்பிக்குக் கல்யாணமான இந்த இரண்டு வருஷத்தில் அவனிடம் அவளும் எதையும் கேட்டதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கூடத்தில் பெரிய துணி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தார்கள். லூபேயின் துணி. பிறக்கப்போகிற தம்பி பிள்ளைக்கு அத்தை முறையாகப் போர்த்த வேண்டியது. நீள மேசைக்கு இருபுறமும் பெண்கள் உட்கார்ந்து, வேகவைத்த மரவள்ளிக்கிழங்கைத் தேய்த்துப் அடித்து மெலிதாக்கிய பட்டையோடு பட்டையை ஒட்டினார்கள். லூபே சாயம் எடுத்துவர வெளியே போனதுதான் தாமதம், எதிரே உட்கார்ந்திருந்த ஃபூசி வாயைத் திறந்தாள்.

"ஏன் லெசியெலி, ஒன் புருஷன் ஃபோன்லயே புள்ள குடுத்துடுவான்னு காத்துக்கிட்டிருக்கியா?"

"அக்கா, சும்மா இருங்க" என்றாள் லெசியெலி.

"நான் சும்மாதான் இருக்கேன். நீயும் சும்மா இருக்க. அவனும் அங்க சும்மா இருக்கான். அப்புறம் கர்த்தர் மட்டும் என்ன பண்ணுவாரு?"

கூடம் சிரித்தது. போதகரின் மனைவி சிரிப்பை அடக்க இருமினாள்.

"வயித்துல ஒண்ணுமில்லாம எப்படித்தான் இவளுக்கு இவ்வளவு பேச்சு வருதோ" என்றாள்.

"பசிச்சா எனக்கு வாய்தான் மெல்லும், அம்மா."

வாசலில் லூபேயின் நிழல் விழுந்தது. பேச்சு அப்படியே நின்றது. தம்பியைப் பற்றி அப்படிப்பட்ட பேச்சை அக்காள் காதில் போடக்கூடாது என்பது ஃபூசிக்கும் தெரியும். குனிந்து கிழங்கைத் தேய்த்தாள். அவள் வாய் சும்மா இருந்தாலும் மனசு சும்மா இருக்காது என்று எல்லாருக்கும் தெரியும். அவளுடைய மகள் மாவோபா பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே கர்ப்பமாகியிருந்தாள். பையன் வேறு தீவுக்குப் போனவன் திரும்பவில்லை. அந்தப் பிள்ளைக்குத் துணி கொண்டுவர அத்தை என்று யாரும் இல்லை. ஃபூசி தன் வீட்டுக் கதையை மறைக்கத்தான் அடுத்த வீட்டுக் கதையைப் பேசினாள்.

லூபே சாயச் சட்டியைக் கீழே வைத்தாள். நெற்றியில் முத்து முத்தாக வியர்த்திருந்தது. "ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே மேசையைப் பிடித்தவள், பிடி நழுவித் தரையில் சாய்ந்துவிட்டாள்.

லெசியெலி ஓடிப்போய்த் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சர்க்கரை வியாதிக்காரி பட்டினி கிடந்தால் வேறென்ன ஆகும். யாரோ சர்க்கரை போட்ட தேநீர் கொண்டுவந்தார்கள். லூபே வாயை மூடிக்கொண்டாள்.

"சாயந்தர ஜெபம் முடியட்டும்."

"லூபே, குடிம்மா. கர்த்தர் ஒண்ணும் கோவிச்சுக்கமாட்டார்" என்றாள் அனாசெய்னி.

"கேக்கற நான்தான அரைகுறையா கேக்கக்கூடாது."

கடைசியில் போதகரின் மனைவி சொல்லுக்கு மரியாதை கொடுத்து இரண்டு மடக்குக் குடித்தாள். குடித்துவிட்டு லெசியெலியின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் வெளிறியிருந்ததைப் பயம் என்று எடுத்துக்கொண்டாள். கன்னத்தைத் தட்டி, "பயப்படாத புள்ள. தருவாரு" என்றாள்.

அந்தத் தட்டல் அடியைவிட வலித்தது.

அன்று பொழுது சாய்ந்ததும் பெனி ஃபோனில் வந்தான். லெசியெலி எல்லாவற்றையும் சொன்னாள். பின்னணியில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"அக்காவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"எழுந்து நடக்கறாங்க. அடுத்த வெள்ளிக்கிழமையும் பட்டினிதானாம். நீங்க சொல்லுங்க, பெனி. ஒரு வார்த்தை."

"நானா? அக்காகிட்டயா? இதயா?" அவன் குரலே சுருங்கிவிட்டது. "லெசியெலி, என்னால முடியாது. அவங்க முகத்த நெனச்சாலே எனக்கு நாக்கு ஒட்டிக்குது."

"அப்ப என்னதான் பண்றது?"

"பேசாம பெத்துக்கலாம். அடுத்த மாசம் லீவுல வரேன். ஊசிய நிறுத்திடு."

லெசியெலிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"ஒரு உயிர வளத்து ஆளாக்கறது ஒங்களுக்கு சுலபமா இருக்கு. அக்காகிட்ட வாயத் தொறக்கறதுதான் கஷ்டமா இருக்கு."

"நெசமாவே அதுதான் கஷ்டம்" என்றான் அவன். பொய் சொல்லத் தெரியாதவன். பிறகு மெல்ல, "இன்னொண்ணும் சொல்லணும். இங்க என்ன மேஸ்திரி ஆக்கறாங்களாம். கொடி காய்ச்சதுக்கு அப்புறமும் நாலஞ்சு வருஷம் வான்னு கேக்கறாங்க. நான் இன்னும் பதில் சொல்லல" என்றான்.

லெசியெலி ஃபோனை வைத்தபிறகு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றாள். அவளுடைய அப்பாவும் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்ச வருஷம் என்றுதான் சொல்லியிருப்பார். ஊசியை நிறுத்திவிட்டால் லூபே சாப்பிடுவாள், ஊர் வாயடைக்கும், எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். தொட்டிக்குப் பின்னால் ஒரு பிள்ளை ஒளிந்துகொண்டு நிற்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

காலையில் எழுந்ததும் முகம் கழுவி, ஒரு ஜெபம் சொல்லிவிட்டு, ஓலையில் பின்னிய இடுப்புப் பாயைச் சுற்றிக்கொண்டாள். ஆலயத்துக்கும் சாவு வீட்டுக்கும் பெரியவர்கள் வீட்டுக்கும் போகும்போது மரியாதைக்குக் கட்டுவது. தோட்டத்துக்கு யாரும் அதைக் கட்டிக்கொண்டு போகமாட்டார்கள். வேகவைத்த கிழங்கும் பப்பாளியும் எடுத்துக்கொண்டு போனாள்.

லூபே வனிலாக் கொடிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள். மரத்தின் மேலே ஏறிவிட்ட கொடியை இறக்கி, மறுபடி கைக்கெட்டும் உயரத்தில் வளைத்துவிடுகிற வேலை. கொடி கைக்கெட்டாமல் போனால் பூத்தாலும் பிரயோசனமில்லை. ஒவ்வொரு பூவிலும் மகரந்தத்தைக் கையால்தான் சேர்த்துவிட வேண்டும்.

லெசியெலியின் இடுப்பைப் பார்த்ததும் லூபே திகைத்தாள். "யார் செத்துட்டாங்க?"

"யாரும் சாகல, அண்ணி." லெசியெலி ஈரமண்ணில் கால் மடக்கி உட்கார்ந்தாள். "ஒங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும்."

"எந்திரி. பாய் வீணாப் போகுது."

"இல்ல அண்ணி. சொல்லிட்டு எந்திரிக்கறேன்."

சொன்னாள். ஊசியைச் சொன்னாள், மீன் விற்கப் போனதைச் சொன்னாள், தண்ணீர்த் தொட்டியைச் சொன்னாள், அப்பா அழுததைச் சொன்னாள். கொடி காய்க்கும் வருஷம் என்று முடிவு செய்ததைச் சொன்னாள். மேஸ்திரி வேலையை மட்டும் புருஷன்மேல் புகார் போலாகிவிடுமென்று விழுங்கப் பார்த்தாள், அதுவும் வந்துவிட்டது. தலை நிமிராமலே சொன்னாள்.

லூபேயின் கை கொடியிலேயே இருந்தது. வளைத்துக்கொண்டிருந்த கொடியை வளைத்து முடித்து, நாரால் கட்டி, அதன்பிறகுதான் திரும்பினாள். முகம் ஒரு மாதிரி இருந்தது. ஏமாற்றம் யாருக்கும் ஏமாற்றம்தான், எத்தனை நல்லவர்களாக இருந்தாலும்.

"அப்ப இத்தன நாளா நான் ஒரு பக்கம் இழுத்திருக்கேன், நீ ஒரு பக்கம் இழுத்திருக்க. நடுவுல கர்த்தர் பாவம்" என்றாள்.

லெசியெலி பாயின் ஓரத்தைத் திருகினாள்.

"எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். என்ன பாத்து பயந்திருக்க. நான் அப்படி என்ன பண்ணிட்டேன்?"

"நீங்க நல்லது மட்டும்தான் பண்ணீங்க, அண்ணி. அதனாலதான் சொல்ல முடியல."

லூபே கொஞ்ச நேரம் கொடிகளையே பார்த்தாள். இத்தனை மாதங்களாகத் தம்பியின் பிள்ளை எப்போது வரும் என்று வானத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு, கையால் இந்தக் களையைப் பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். கேட்ட பிள்ளை வேறு, காத்த கொடி வேறு என்று இல்லை. இரண்டும் ஒன்றுதான் என்று இப்போதுதான் தெரிகிறது. அவள் தன்னையறியாமல் ஒரு தளிரைத் தொட்டாள்.

"அடுத்த வருஷம் பூக்கும், அதுக்கடுத்த வருஷம் காய்க்கும்" என்றாள். "அப்ப எனக்கு என்ன வயசாகும்னு பாக்கறேன். சரி. அதுவரைக்கும் நான் இருக்கணும். இருக்கணும்னா சாப்பிடணும். அந்தப் பப்பாளிய இங்க குடு."

அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே லெசியெலி அழுதாள். லூபே ஒரு துண்டை அவள் கையில் திணித்தாள். "அழுதுகிட்டே சாப்பிடாத, விக்கும்."

அடுத்த வெள்ளிக்கிழமை லூபேயின் அடுக்களையில் புகை வந்தது. பார்த்தவர்கள் அதற்கு ஒரு அர்த்தம் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடிவந்தார்கள். ஃபூசி வந்ததும் லெசியெலியின் வயிற்றைத்தான் பார்த்தாள். லெசியெலி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். இன்று தன் கதை ஊர்க்கதை ஆகப்போகிறது என்று நினைத்தாள். ஆகட்டும், பட்டினி போட்டதற்கு அது தண்டனை.

லூபே ஒரு பெரிய சட்டியோடு வந்தாள். தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கீரை. அதை மேசைமேல் வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினாள்.

"எல்லாருக்கும் ஒரு வார்த்த. எனக்காகப் பட்டினி கெடந்தீங்க. அத நான் மறக்கமாட்டேன். ஆனா நான் கர்த்தர்கிட்ட தேதி போட்டுக் கேட்டுட்டேன். தேதி போடறது என் வேல இல்ல. அது என் அவசரம், வேற யாரு பேருலயும் தப்பில்ல. இனிமே என் தம்பி நல்லபடியா வீடு வந்து சேரணும்னு மட்டும் கேப்போம். அதுக்கு வயித்துக்குச் சாப்டுட்டே கேக்கலாம்."

லெசியெலியின் பக்கம் லூபே ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் கூடமே திரும்பியிருக்கும்.

"அப்ப இந்தத் துணி?" என்று கேட்டாள் அனாசெய்னி. துணி முடிந்து, மடித்து, கூடத்தின் நடுவே இருந்தது. அவ்வளவு பெரிய துணி அந்த ஊரில் அந்த வருஷம் வேறு இல்லை.

"அதுக்குத்தான் வந்தேன். ஃபூசி, மாவோபாவுக்கு எப்ப?"

ஃபூசி குனிந்துகொண்டே சொன்னாள். "வர்ற மாசம்."

"அந்தப் புள்ளைக்கு அத்தை யாருன்னு கேட்டா என் பேரச் சொல்லு. துணி அதுக்கு. என் தம்பி புள்ளைக்கு வேற அடிச்சுக்கலாம், எனக்கு டைம் இருக்கு."

ஊரில் எல்லாரையும் வாயால் மடக்குகிற ஃபூசி மேசையைச் சுற்றி வந்து லூபேயின் கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அப்படியே நின்றாள். கொஞ்சம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கீரைக்கு உப்பு போட்டியா, இல்ல அதையும் உபவாசத்துல விட்டுட்டியா?" என்றாள். கூடம் மூச்சு விட்டுச் சிரித்தது.

ஒரு பெண் இன்னொரு பெண்ணின் ரகசியத்தைக் காப்பாற்றித் தருவது சின்ன விஷயம்போலத்தான் தெரியும். லெசியெலி அன்று கீரையைச் சாப்பிட்டபோது, கூடத்து ஜெபத்தில் இனிமேல் கண்ணை மூடமுடியும் என்று நினைத்தாள்.

மறுநாள் பெனி ஃபோனில் வந்தபோது லூபே பக்கத்தில் உட்கார்ந்து பாய்க்கு ஓலை சுருட்டிக்கொண்டிருந்தாள். லெசியெலி நடந்ததைச் சொல்ல வாயெடுத்தாள். லூபே கையை நீட்டினாள்.

"குடு. நான் பேசறேன்."

லெசியெலிக்கு உயிர் போய் வந்தது. அந்தப் பக்கம் அவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அக்காள் குரலைக் கேட்டதும் அவன் எழுந்து நின்றிருப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

"தம்பி, அங்க குளிரா?"

"ஆமாங்கக்கா. கொஞ்சம்."

"சாப்புடறியா?"

"சாப்புடறேன் அக்கா. நீங்க?"

"நானும் சாப்புடறேன். ஒன் கொடியெல்லாம் நல்லாருக்கு. இப்பதான் எறக்கிக் கட்டினேன்." லூபே ஓலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். எதைப் பேசக்கூடாதோ அதைப் பேசவே இல்லை. "தம்பி, நான் இதுவரைக்கும் ஒங்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல."

"இல்லங்கக்கா. கேளுங்க."

"இப்ப ஒண்ணு கேக்கறேன். கொடி காய்க்கற வருஷம் நீ இங்க இருக்கணும். அதுக்கப்புறம் வர்ற வருஷமும் இருக்கணும். எவன் மேஸ்திரி வேல குடுத்தாலும் சரி."

அக்காள் கேட்டதைத் தம்பி இல்லையென்று சொல்லக்கூடாது. பன்றி, படகு என்று எத்தனையோ பேர் எதை எதையோ கேட்டு வாங்கியதை லெசியெலி பார்த்திருக்கிறாள். ஒருத்தி தன் முழு உரிமையையும் எடுத்து, பிறக்காத ஒரு பிள்ளைக்கு அப்பாவைக் கேட்டு வாங்கியதை அவள் பார்த்ததில்லை.

"இருக்கேன் அக்கா" என்றான் பெனி.

"சரி. இந்தா, ஒன் பொண்டாட்டிகிட்ட பேசு" என்று ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லூபே ஓலையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். புருஷனும் மனைவியும் பேசும் இடத்தில் அக்காள் உட்காரக்கூடாது.